கோழி பிழைத்தால் போதுமா?

முட்டைக் கோழிகளுக்கான பறவைக் காய்ச்சல் தடுப்பூசியும் பரவல் சோதனையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டால் பறவைக் காய்ச்சல் பரவுவது நிற்குமா? இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். இதை நெதர்லாந்து நாட்டினர் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளை உங்கள் முன் விரித்துவைத்து, அவற்றிலிருந்து ஒரே ஒரு கருத்தை நிலைநாட்ட விரும்புகிறேன்.

கருத்து இது: ஒரு பறவைக் காய்ச்சல் தடுப்பூசியை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்யும்போது, ஊசி போட்ட கோழி பிழைத்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கோழியிடமிருந்து அடுத்த கோழிக்கு வைரஸ் போனதா என்று பார்க்க வேண்டும். இதைத் தனியே சோதிக்க முடியும். எண்ணாக அளக்கவும் முடியும். அளக்காமல் போடுகிற தடுப்பூசி, நோயை ஒழிப்பதற்குப் பதிலாக நம் கண்ணிலிருந்து மறைத்துவிடக்கூடும். இதை ஏழு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. கொன்று புதைப்பதன் எல்லை

2003 பிப்ரவரி இறுதியில் நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாநிலத்தில், கோழிப்பண்ணைகள் நெருக்கமாக அமைந்த பள்ளத்தாக்குப் பகுதியில், எச்7என்7 வகைப் பறவைக் காய்ச்சல் தலைகாட்டியது. நோய் கண்ட பண்ணைகளை அழித்தார்கள், சுற்றியிருந்த பண்ணைகளையும் அழித்தார்கள், போக்குவரத்தை நிறுத்தினார்கள். எல்லாம் முடிந்தபோது 255 கோழிக் கூட்டங்களில் நோய் பதிவாகியிருந்தது. கொல்லப்பட்ட பறவைகள் ஏறத்தாழ 3 கோடி. மனிதர்களில் 89 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலோருக்குக் கண் அழற்சியோடு போயிற்று. ஆனால் ஒரு கால்நடை மருத்துவர் உயிரிழந்தார்.

பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். நோய் கண்டறியப்படுவதற்கு முன்பு, தொற்றுள்ள ஒரு பண்ணை சராசரியாக 6.5 பண்ணைகளுக்கு நோயைக் கடத்தியிருந்தது. கட்டுப்பாடுகள் வந்த பின் அந்த எண் 1.2 ஆகக் குறைந்தது. பெரிய வீழ்ச்சிதான். ஆயினும் ஒன்றுக்குக் கீழே இறங்கவில்லை. ஒன்றுக்குக் கீழே இறங்காத வரை கொள்ளை நோய் ஓயாது. அப்படியானால் எப்படி ஓய்ந்தது? அந்தப் பகுதியில் தொற்றுவதற்குக் கோழிகளே மிச்சமில்லாதபடி பண்ணைகள் காலியானதுதான் முக்கியக் காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த முடிவு என்னை எப்போதும் கலங்கவைக்கிறது. நோயுற்ற கோழியைக் கொல்வதற்கு நியாயம் சொல்லலாம். நோயில்லாத கோடிக்கணக்கான கோழிகளைக் கொன்றுதான் நோயை நிறுத்த முடியும் என்றால், வேறு வழி தேட வேண்டிய கடமை அறிவியலுக்கு உண்டு.

கடந்த சில ஆண்டுகளில் அந்தக் கடமை இன்னும் அவசரமாகிவிட்டது. முன்பெல்லாம் ஐரோப்பாவில் இந்த வைரஸ் வலசைப் பறவைகளோடு குளிர்காலத்தில் வரும், கோடையில் அடங்கிவிடும். 2022 கோடையில் அது அடங்கவில்லை. நெதர்லாந்தின் கடற்கரைகளில் கூடு கட்டியிருந்த ஆலாப் பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. காட்டுப் பறவைகளிடம் ஆண்டு முழுவதும் வைரஸ் இருக்குமானால், பண்ணையை அழித்து, சுத்தம் செய்து, மீண்டும் கோழி விட்டாலும் ஆபத்து வாசலிலேயே நிற்கிறது.

2. நோய் தெரியாமல் போவதும் பரவல் நிற்பதும்

"அப்படியானால் தடுப்பூசி போட்டுவிடலாமே" என்று உடனே தோன்றும். தடுப்பூசி புதிதும் அன்று. மெக்சிகோ 1995 முதல் எச்5என்2 வகைக்கு எதிராகப் போட்டது. சீனா, இந்தோனேசியா, வியட்நாம், எகிப்து ஆகிய நாடுகளும் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலேயே தொடங்கிவிட்டன. அந்த அனுபவங்கள் ஒரே பாடத்தைச் சொல்லவில்லை.

மெக்சிகோவில் கோழிகளைக் கொல்லும் கடும் வடிவம் 1995-லேயே மறைந்தது. ஆனால் வீரியம் குறைந்த வடிவம் தடுப்பூசி போட்ட கூட்டங்களுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் சுற்றிவந்தது. சுற்றச் சுற்ற மாறியது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, நடமாடும் வைரஸ் தடுப்பூசியில் இருந்த வைரஸிலிருந்து வெகுவாக விலகிப்போய்விட்டதைக் காட்டியது. எகிப்து 2006-இல் தடுப்பூசியைத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் நோய் அங்கு நிலைத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கோழிகளைத் தடுப்பூசி சரிவர எட்டவில்லை. பண்ணைகளில் போட்டதும் நடமாடும் வைரஸுக்கு எப்போதும் பொருந்தவில்லை. 2015-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 136 மனிதர்களுக்கு எச்5என்1 தொற்றியது.

மறுபக்கம் சீனாவின் எச்7என்9 அனுபவம். 2013 முதல் 1,500-க்கும் மேற்பட்ட மனிதர்களைத் தாக்கி, 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற வைரஸ் அது. 2017 செப்டம்பரில் கோழிகளுக்கு எச்5, எச்7 இரண்டும் சேர்ந்த தடுப்பூசி நாடெங்கும் போடப்பட்டது. அதற்கு முந்தைய பருவத்தில் எழுநூறைத் தாண்டியிருந்த மனிதத் தொற்று, அடுத்த பருவத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. கோழிக்குப் போட்ட ஊசி மனிதனைக் காத்தது.

ஓரிடத்தில் வெற்றி, ஓரிடத்தில் வைரஸுக்கே நிலையான குடியிருப்பு. இந்த வேறுபாட்டின் வேர் எங்கே இருக்கிறது என்பதை, கோழிகளைத் தாக்கும் மேரக்ஸ் என்னும் வைரஸ் நோயின் வரலாறு தெளிவாக்குகிறது. நம் பண்ணையாளர்கள் அனைவரும் அறிந்த நோய் இது. பொரித்த நாளன்றே குஞ்சின் கழுத்தில் போடும் ஊசி 1970-களின் தொடக்கத்திலிருந்து கோழி வளர்ப்பையே காப்பாற்றிவருகிறது. அதே நேரம் அது நோயைத் தடுக்கிறதே தவிர, தொற்றையும் வைரஸ் வெளியேறுவதையும் தடுப்பதில்லை. ஆண்ட்ரூ ரீட், வேணுகோபால் நாயர் உள்ளிட்டோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டியது. மிகக் கொடிய மேரக்ஸ் வைரஸ் தொற்றினால், ஊசி போடாத கோழி விரைவில் செத்துவிடுகிறது. அதோடு அந்த வைரஸின் பயணமும் முடிகிறது. ஊசி போட்ட கோழியோ உயிரோடிருந்து வாரக்கணக்கில் அதே கொடிய வைரஸை வெளியேற்றுகிறது. அதாவது, கோழியைப் பிழைக்கவைத்த தடுப்பூசி கொடிய வைரஸையும் பிழைக்கவைத்தது.

இதனால் மேரக்ஸ் தடுப்பூசியே கூடாது என்று ஆகாது. அது இல்லாமல் பண்ணையே இல்லை. ஆனால் மனிதனுக்கும் தாவக்கூடிய பறவைக் காய்ச்சல் விஷயத்தில் அப்படியொரு நிலையை நாம் ஏற்க முடியாது. இங்கே பரவலைத் தடுக்காத ஊசி பயனற்றது என்பதைவிட ஆபத்தானது என்றே சொல்வேன்.

3. பரவலுக்கு ஓர் எண்

பரவலை எப்படி அளப்பது? தொற்றுள்ள ஒரு கோழி, தன் தொற்றுக்காலம் முழுவதிலும் சராசரியாக எத்தனை கோழிகளுக்கு வைரஸைக் கடத்துகிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணுக்கு ஆர் என்று பெயர். கொரோனா காலத்தில் நாளிதழ் படித்த எல்லோருக்கும் இது பழக்கமானதுதான். ஒன்றுக்கு மேலே இருந்தால் தொற்று பெருகும்; கீழே இருந்தால் தானாக அணையும்.

இந்தக் கணிதத்தின் அடிப்படைகளில் ஒன்றை 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்னும் இருவர் வெளியிட்டனர். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலியில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர். தங்கள் சமன்பாட்டைப் பொருத்திப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது, 1905-06-இல் பம்பாயில் பிளேக் நோயால் இறந்தோரின் வாராந்தரக் கணக்கு. நம் நாட்டின் துயரத்திலிருந்து எடுத்த எண்கள் அந்தக் கணிதத்துக்குத் துணைநின்றன என்பதை இந்த அவையில் நினைவுகூர விரும்புகிறேன்.

இந்த எண்ணைத் தடுப்பூசிச் சோதனைக்குள் கொண்டுவந்தவர்கள் நெதர்லாந்தின் மார்ட் டி யோங், கிம்மன் ஆகியோர். 1994-இல் பன்றிகளைத் தாக்கும் ஔஜெஸ்கி நோய்க்காக அவர்கள் வகுத்த முறை எளிமையானது. தடுப்பூசி போட்ட ஒரு கூட்டத்தைப் பிரித்து, பாதிக்கு நேரடியாக வைரஸைக் கொடுக்க வேண்டும். மீதிப் பாதியை அவற்றோடு ஒரே அறையில் விட வேண்டும். ஒவ்வொரு நாளும் மாதிரி எடுத்து, துணைக்கு விட்ட விலங்குகளில் எத்தனைக்குத் தொற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஊசி போடாத இன்னொரு கூட்டத்தில் இதையே செய்து ஒப்பிட வேண்டும்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஓர் அறையில் வைரஸ் கொடுத்த 5 கோழிகள், கொடுக்காத 5 கோழிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணைக் கோழிகள் ஐந்தில் ஒன்றுக்குக்கூடத் தொற்றவில்லை. பரவல் நின்றுவிட்டது என்று சொல்லலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர் உண்மையில் சரியாக 1 ஆக இருந்தாலும், வழக்கமான தொற்றுக் கணித மாதிரியின்படி, வெறும் தற்செயலால் ஒன்றுகூடத் தொற்றாமல் போவதற்கு நூற்றுக்கு 13 வாய்ப்பு உண்டு. அதே சோதனையை இரண்டு அறைகளில் செய்து, இரண்டிலும் ஒன்றும் தொற்றவில்லை என்றால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அப்போதுதான் ஆர் ஒன்றுக்குக் கீழே என்று துணிந்து சொல்லலாம். பத்துக் கோழிகள் கொண்ட இன்னோர் அறைக்கு ஆகும் செலவு சிறிது. அதனால் கிடைக்கும் உறுதியை நம்பி ஒரு நாடு கோடிக்கணக்கான கோழிகளுக்கு ஊசி போடுகிறது.

4. லெலிஸ்டாட் ஆய்வுக்கூடத்தில்

2003 பேரழிவுக்குப் பின் இதே முறையைப் பறவைக் காய்ச்சலுக்குப் பயன்படுத்தினார்கள். வான் டெர் கூட், டி யோங், கோக், வான் போவன் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், எச்7என்7 வைரஸுக்கு எதிராக இரு தடுப்பூசிகளைச் சோதித்தனர். ஊசி போட்டு இரண்டு வாரமான கோழிகளிடையே பரவல் முற்றாக நின்றது. ஒரு வாரமே ஆன கோழிகளிடம் அந்த உறுதி இல்லை. கொள்ளை நோய் வந்த பின் ஓடிப்போய் ஊசி போடுவதில் உள்ள சிக்கல் இந்த ஒரு வார வேறுபாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. முன்கூட்டியே போட்டால்தான் பயன்.

அடுத்த கட்டம் இப்போது உலகைச் சுற்றிவரும் எச்5என்1 வைரஸுக்கானது. வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெலிஸ்டாட் ஆய்வு நிறுவனம், நான்கு தடுப்பூசிகளை முட்டைக் கோழிகளில் சோதித்தது. 2023 மார்ச்சில் வந்த முடிவு: நான்கில் இரண்டு ஊசிகள் கோழியை நோயிலிருந்தும் காத்தன, பரவலையும் நிறுத்தின. மற்றவை இந்த அளவுக்கு எட்டவில்லை. கோழி பிழைத்ததா என்பதை மட்டும் அளவாகக் கொண்டிருந்தால், நல்லதையும் போதாததையும் பிரித்தறிவது கடினமாகியிருக்கும்.

தேறிய இரண்டும் ஒரே அடிப்படையில் செய்யப்பட்டவை. இரண்டிலும் வான்கோழி ஹெர்பிஸ் வைரஸின் மரபணுவுக்குள் பறவைக் காய்ச்சல் வைரஸின் எச்5 புரதத்துக்கான மரபணு பொருத்தப்பட்டிருக்கிறது. வான்கோழி ஹெர்பிஸ் வைரஸ் எதுவென்று பண்ணையாளர்களுக்குத் தெரியும். குஞ்சு பொரிப்பகத்தில் திரவ நைட்ரஜன் உருளையிலிருந்து எடுத்துப் போடுகிறோமே, அதே மேரக்ஸ் தடுப்பூசிதான். கோழிக்கு அது தீங்கு செய்யாது. உடலின் உயிரணுக்களுக்குள் தங்கி நீண்ட காலம் நோயெதிர்ப்பைத் தூண்டிக்கொண்டிருக்கும்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். மேரக்ஸ் நோயில் தொற்றைத் தடுக்காமல் விட்ட அதே வைரஸ், எச்5 மரபணுவைச் சுமந்து நின்றபோது பறவைக் காய்ச்சலின் பரவலைத் தடுத்தது. ஒரு தடுப்பூசியின் செய்முறையையோ பிறப்பையோ வைத்து அது பரவலைத் தடுக்குமா என்று ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடுப்பூசியையும், ஒவ்வொரு நோய்க்கு எதிராகவும் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

5. கூண்டறையிலிருந்து கொட்டகைக்கு

ஆய்வுக்கூடக் கோழிக்கு வேறு நோய் இல்லை. ஊசி போடுபவர் பொறுமையாக ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் போடுகிறார். பண்ணையில் அப்படியா? பொரிப்பகத்தில் மணிக்கு ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஊசிமுனையைக் கடக்கின்றன. தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள், அடுத்தடுத்துப் போடும் மற்ற தடுப்பூசிகள், வெப்பம், தீவனம், பிற தொற்றுகள் எல்லாம் சேர்ந்து நோயெதிர்ப்பை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும்.

எனவே 2023 செப்டம்பரில் களச் சோதனை தொடங்கியது. லெலிஸ்டாட் நிறுவனத்தோடு உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் நெதர்லாந்தின் கால்நடை நலச் சேவை நிறுவனமும் கைகோத்தன. ஏறத்தாழ 1,800 குஞ்சுகள், இரண்டு முட்டைப் பண்ணைகள். குஞ்சுகளுக்குப் பொரித்த நாளிலேயே ஊசி போடப்பட்டது; ஊசி போடாதவையும் ஒப்பீட்டுக்காக உடன் வளர்ந்தன. பண்ணைக்குள் உயிருள்ள வைரஸைக் கொண்டுபோக முடியாது. ஆகவே குறிப்பிட்ட வயதுகளில் சில கோழிகளைப் பண்ணையிலிருந்து லெலிஸ்டாட்டின் பாதுகாப்புக் கூடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே வைரஸ் கொடுத்து, துணைக் கோழிகளுக்குப் பரவுகிறதா என்று பார்த்தார்கள். வளர்ந்தது பண்ணையில், சோதனை கூடத்தில். இந்த இணைப்புதான் இந்த ஆய்வின் பலம்.

எட்டாவது வாரச் சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. பரவல் நின்றது. இருபத்து நான்காவது வாரத்திலும் தடுப்பூசி பரவலைத் தடுத்தது. இருபத்து நான்கு வாரம் என்றால் கோழி முட்டையிடத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும்.

முட்டைக் கோழியைப் பற்றிப் பேசும்போது காலம் மிக முக்கியம். கறிக்கோழி ஐந்தாறு வாரத்தில் விற்பனைக்குப் போய்விடும். முட்டைக் கோழி எழுபது, எண்பது வாரம், சில பண்ணைகளில் அதற்கும் மேலாக வாழ்கிறது. பொரித்த நாளில் போட்ட ஓர் ஊசி அத்தனை காலத்துக்கும் தாங்க வேண்டும். இல்லையேல் இடையில் மறு ஊசி தேவைப்படும். மறு ஊசி என்பது சொல்ல எளிது. வளர்ந்த கோழிகள் நிறைந்த கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட ஆகும் ஆள், நாள், கோழிக்கு உண்டாகும் அதிர்ச்சி, அதனால் குறையும் முட்டை எல்லாவற்றையும் பண்ணையாளர்கள் அறிவார்கள். எனவே நோயெதிர்ப்பு எந்த வயதில் தளர்கிறது என்பதைப் பரவல் சோதனையால் கண்டறிய வேண்டும். அதனால்தான் ஒரு முறை சோதித்து முடித்துவிடாமல், கோழி வயதாக ஆகத் திரும்பத் திரும்பச் சோதிக்கும்படி இந்த ஆய்வு வகுக்கப்பட்டது.

இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்று பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது ஒரு குறிப்பு தருகிறது. ஆனால் எந்த அளவுக்குக் கீழே போனால் ஆர் ஒன்றைத் தாண்டும் என்பதைப் பரவல் சோதனையோடு பொருத்திப் பார்த்த பின்னரே இரத்தப் பரிசோதனைக்கு அர்த்தம் கிடைக்கும்.

6. ஊசிக்குப் பின் விழிப்பு

சிறந்த தடுப்பூசியும் ஒவ்வொரு கோழியையும் காக்காது. ஊசி சரியாகப் படாத சில இருக்கும். நோயெதிர்ப்பு தளர்ந்த சில இருக்கும். ஊசி போடாத கூட்டத்தில் வைரஸ் நுழைந்தால் சில நாள்களில் கொட்டகையே சொல்லிவிடும். கோழிகள் வரிசையாகச் சாகும். ஊசி போட்ட கூட்டத்தில் அந்த அபாயமணி ஒலிக்காது. சாவில் அங்கொன்றும் இங்கொன்றும் கூடினாலும் கண்ணில் படாது. சேவில், கீலிங், வுல்ஹவுஸ் முதலிய ஆய்வாளர்கள் 2006-இல் கணித மாதிரியைக் கொண்டு எச்சரித்தது இதைத்தான்: பாதுகாப்பு அரைகுறையாக இருக்கும் கூட்டங்களில் வைரஸ் ஓசையின்றிப் பரவி, கண்டறிவதற்கு முன் அடுத்த பண்ணைக்குப் போய்விடலாம்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஊசி போடாத சில கோழிகளைக் கூட்டத்துக்குள் காவலுக்கு விடுவது. ஹாங்காங்கில் இதைச் செய்தார்கள். இரண்டாவது, இரத்தத்தில் தொற்றையும் ஊசியையும் பிரித்தறிவது. எச்5 புரதம் மட்டுமே கொண்ட ஊசி போட்ட கோழியின் உடலில் எச்5-க்கு எதிர்ப்புப் பொருள் இருக்கும். வைரஸின் உட்கருப் புரதத்துக்கு இருக்காது. உட்கருப் புரதத்துக்கும் எதிர்ப்புப் பொருள் இருந்தால் உண்மையான வைரஸ் வந்துபோயிருக்கிறது என்று பொருள். நான் சொன்ன இரு தடுப்பூசிகளின் இன்னொரு சிறப்பு இது. பழைய முறையில் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசியில் இந்தப் பிரிப்பு எளிதில் கிடைக்காது.

மூன்றாவது, செத்த கோழிகளைச் சோதிப்பது. இதன் மதிப்பை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஒரு பெரிய கூட்டத்தில் நூற்றுக்கு 5 கோழிகளிடம் தொற்று இருக்கிறது. அதை 95 விழுக்காடு உறுதியோடு கண்டுபிடிக்க, எழுந்தமானமாக 59 கோழிகளைச் சோதிக்க வேண்டும். நூற்றுக்கு 1 என்றால் 299 கோழிகள். வாரந்தோறும் இது யாராலும் ஆகாத காரியம். ஆனால் தொற்றுள்ள கோழிகள் செத்தவற்றில்தான் அதிகம் இருக்கும். எனவே வாரந்தோறும் செத்தவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதித்தாலே குறைந்த செலவில் வைரஸைப் பிடித்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த விதி, தடுப்பூசி போட்ட பண்ணைகளில் செத்த பறவைகளின் வாராந்தரச் சோதனையையும் கால்நடை மருத்துவரின் முறையான பார்வையிடலையும் கட்டாயமாக்கியிருக்கிறது. நெதர்லாந்து 2025-இல் தொடங்கிய முன்னோடித் திட்டமும் ஊசியோடு கண்காணிப்பையும் சந்தையையும் சேர்த்தே சோதிப்பது.

பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்கு நாடு தழுவிய தடுப்பூசியைத் தொடங்கியது. 2021-22 பருவத்தில் அங்கே 1,300-க்கு மேற்பட்ட பண்ணைகளில் நோய் வந்திருந்தது. ஊசிக்குப் பிந்தைய முதல் பருவத்தில் அது பத்தாகச் சுருங்கியது. மகிழ்ச்சியான செய்தி. ஆயினும் அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பா முழுவதுமே நோய் குறைந்திருந்தது. எனவே வீழ்ச்சி முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதிவிட முடியாது. இப்படிப்பட்ட இடத்தில்தான் கட்டுப்பாட்டுடன் நடத்திய பரவல் சோதனை கைகொடுக்கிறது. பிற காரணங்களை ஒதுக்கி, ஊசி மட்டும் என்ன செய்தது என்று அது சொல்கிறது.

வணிகமும் இதில் அடங்கியிருக்கிறது. பிரான்ஸ் ஊசி போடத் தொடங்கியவுடன் அமெரிக்கா அங்கிருந்து கோழிப் பொருள்கள் வருவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஊசி போட்ட பறவைக்குள் வைரஸ் மறைந்திருக்கலாம் என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தை வாதத்தால் போக்க முடியாது. ஆர் ஒன்றுக்குக் கீழே என்ற சான்றும், வாரந்தோறும் சோதித்த ஏடும்தான் பதில்.

7. நம் முன் உள்ள கடமை

இந்தியாவில் எச்5என்1 முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பதிவானது. அன்றுமுதல் நம் கொள்கை ஒன்றுதான்: நோய் கண்ட இடத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் பறவைகளை அழிப்பது, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பது, இழப்பீடு தருவது. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளில் நோய் வரும்போதெல்லாம் நாமக்கல் முட்டை விலை ஆட்டம் காண்பதை இங்கிருப்போர் அனுபவித்திருக்கிறீர்கள். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் முட்டைப் பண்ணைகளையே நோய் தாக்கியது. தடுப்பூசி வேண்டும் என்ற குரல் இனி வலுக்கும். அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது.

அந்த நியாயத்தை மதிப்பதால்தான் சொல்கிறேன்: நெதர்லாந்தில் தேறிய ஊசி என்பதற்காக அதை அப்படியே வாங்கிப் போட்டுவிட முடியாது. நம் நாட்டில் நடமாடும் எச்5என்1 வைரஸில் ஐரோப்பாவில் உள்ள கிளையும் உண்டு. தெற்காசியாவுக்கே உரிய இன்னொரு கிளையும் உண்டு. இரண்டுக்கும் எதிராகத் தனித்தனியே பரவல் சோதனை வேண்டும். நம் கொட்டகைகள் திறந்தவை. கோடை வெப்பம் கடுமையானது. வெள்ளைக் கழிச்சலும் எச்9என்2 என்னும் மிதமான பறவைக் காய்ச்சலும் நம் பண்ணைகளில் சுற்றிவருகின்றன. இந்தச் சூழலில் வளர்ந்த கோழிகளை எடுத்துச் சோதித்தால்தான் முடிவு நமக்குப் பொருந்தும். முட்டையிடும் காலத்தின் தொடக்கம், நடு, இறுதி என எல்லா வயதிலும் சோதிக்க வேண்டும். ஊசிக்கு ஒதுக்கும் நிதியோடு கண்காணிப்புக்கான நிதியையும் ஒரே ஆணையில் ஒதுக்க வேண்டும். பின்னதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எகிப்தின் பாதையில் கால் வைத்தவர்கள் ஆவோம். வீட்டுக்கோழி வளர்க்கும் பெண்களையும் உயிர்க்கோழிச் சந்தைகளையும் திட்டத்துக்கு வெளியே நிறுத்தவும் கூடாது. வைரஸ் பண்ணை வேலியைப் பார்த்து நிற்பதில்லை.

இதற்கான திறன் நம்மிடம் இல்லாமல் இல்லை. போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்தில் இந்த வைரஸைக் கையாளும் கூடம் இருக்கிறது. எச்9என்2 வகைக்கு அவர்களே தடுப்பூசி உருவாக்கித் தந்திருக்கிறார்கள். நாமக்கல் வட்டாரத்தில் கோடிக்கணக்கான முட்டைக் கோழிகளும், பொரித்த நாள் ஊசியில் தேர்ந்த பொரிப்பகங்களும், கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. பண்ணையில் வளர்த்து, பாதுகாப்புக் கூடத்தில் சோதிக்கும் நெதர்லாந்து முறையை நாமக்கலும் போபாலும் இணைந்து செய்ய முடியும். உள்ளூர்ப் பண்ணையாளர்கள் சில நூறு கோழிகளைத் தர முன்வந்தாலே அதைத் தொடங்கிவிடலாம். முடிவு சாதகமோ பாதகமோ, அதை முழுமையாக வெளியிட வேண்டும். தேறாத தடுப்பூசியின் முடிவும் தேறியதன் முடிவைப் போலவே நம்மைக் காப்பது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நாளை ஒரு நிறுவனத்தின் ஆள் உங்கள் மேசைக்கு வந்து, "எங்கள் ஊசி போட்டால் நூற்றுக்கு நூறு கோழியும் பிழைக்கும்" என்று சொல்வார். அவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். துணைக் கோழிகளில் எத்தனைக்குத் தொற்றியது? எத்தனை அறைகளில் சோதித்தீர்கள்? கோழிகளின் வயது என்ன? எந்த வைரஸை வைத்துச் சோதித்தீர்கள்? பதில் கிடைத்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்தச் சோதனையை நீங்களே நடத்துங்கள். அதற்கான கணிதமும் கோழியும் கூடமும் நம்மிடம் இருக்கின்றன. தேவைப்படுவது இந்த வளாகத்திலிருந்து புறப்படும் ஆட்கள்தான்.